தவிர்க்கப்பட்டது: ஒன்று

அந்தக் கட்டடத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட ஐந்து வயது மூத்த கண்காணிப்பாளரும் அக்கா என்பார், காவலாளியும் அக்கா என்பார். இதில் அவளுக்கு எரிச்சல்தான். ஆனால் பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு, யாராவது பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கவே தோன்றாத நிலைக்கு வந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்துக்கும் ஆம்புலன்ஸ் நிறுத்தும் கொட்டகைக்கும் நடுவே இருந்த காலணிப் பட்டறையில் அவளுக்குப் பதிவேட்டு வேலை. சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போனவர்கள், விரல் எடுக்கப்பட்டவர்கள், ஒரு கால் குட்டையானவர்கள் ஆகியோருக்கு அங்கே அளவெடுத்துச் செருப்பு செய்து கொடுப்பார்கள். மரத்த காலைச் செருப்பு கடித்தால் தெரியாது. தெரிய வரும்போது புண் எலும்பு வரை போயிருக்கும். அதனால் ஒரு பாதத்துக்குப் பதினாறு அளவு என்று கணக்கு. அப்படி நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேருடைய பாதங்கள் அவள் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. ஆளைப் பார்த்தால் அவளுக்கு முகம் ஞாபகம் வராது, எண்தான் வரும்.

வேலையில் சுத்தம், வாயில் காரம். அதுதான் அக்கா. விசைப்பலகையைப் பழைய பல் துலக்கியால் தினமும் துடைப்பாள். வெள்ளிக்கிழமை நாலு மணி ஆனால் உலகமே புரண்டாலும் பேக்அப் எடுப்பாள். சிவப்பு பென்டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்தி, பெட்டியில் 'முடிந்தது' என்று வந்ததும் பிடுங்கி, கைப்பையின் உள்ஜிப்புக்குள் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவாள். ஆஸ்பத்திரியே எரிந்துபோனாலும் தன் பாதங்கள் பத்திரமாக இருக்கும் என்று வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொள்வாள். அவர் பணி ஓய்வு பெற்ற தபால்காரர். அவருடைய கவலையெல்லாம் டீ வடிகட்டியை எங்கே வைத்தாள் என்பதுதான்.

எனவே செவ்வாய்க்கிழமை காலையில் பழைய கம்ப்யூட்டர் கண் திறக்காமல் உள்ளுக்குள் கடக் கடக் என்று சத்தம் போட்டபோது அவள் பதறவில்லை. இந்தக் கிழம் இப்படித்தான் போகும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். புதியது ஏற்கெனவே வந்து, அட்டைப்பெட்டிக்குள் மூன்று வாரமாக அவள் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது. வரவழைத்த கம்ப்யூட்டர்காரர் ஐம்பதை நெருங்குகிறவர். மூக்கில் ஒரு கண்ணாடி, வழுக்கையில் ஒரு கண்ணாடி. பழையதின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, இது தீர்ந்துபோச்சு என்றார். வெளியூர் நிபுணர்களிடம் அனுப்பினாலும் மீளும் என்று யாரும் கையெழுத்துப் போடமாட்டார்களாம்.

அக்கா ராணி மாதிரிக் கைப்பையைத் திறந்து சிவப்பு பென்டிரைவை மேசையில் வைத்தாள்.

புதிய கம்ப்யூட்டரில் ப்ரோகிராமை ஏற்றி, பேக்அப்பை உள்ளே இறக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பட்டியல் வந்தது. பெயர், வயது, முகவரி, தொலைபேசி எல்லாம் வரிசையாக வந்தன. கடைசி எண் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. அக்கா ஒரு பெருமூச்சு விட்டு, பழக்கத்தில் தன் மனசுக்குப் பிடித்த எண்ணைத் தட்டினாள். அவர் ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர், இடது காலில் இரண்டு விரல் கிடையாது, மூன்று முறை வரவழைத்துத்தான் அளவு சரியாக அமைந்தது. பெயர் வந்தது. அளவுக் கட்டங்கள் முப்பத்திரண்டும் காலி.

வேறு எண்ணைத் தட்டினாள். காலி. இன்னொன்று. காலி.

கம்ப்யூட்டர்காரர் தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி, மூக்கிலிருந்ததை ஏற்றி, பென்டிரைவுக்குள் துழாவினார். "அக்கா, பேரு இருக்கிற ஃபைல் இருக்கு. அளவு இருக்கிற ஃபைல் இதுல இல்லவே இல்ல. பேக்அப் முடிஞ்சதும் என்ன எழுதி வரும், ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் என்ன? முடிந்தது, தவிர்க்கப்பட்டது ஒன்று. வாராவாரம் அதுதான் வரும். சொல்லிக்கொண்டு வரும்போதே அவளுக்கு விஷயம் உறைத்தது. சிகரெட் பெட்டி மேல் எச்சரிக்கை மாதிரி அதுவும் அச்சடித்தபடியே வருகிற வாசகம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். முன்னூறு வெள்ளிக்கிழமை கண்ணால் பார்த்துவிட்டு, முன்னூறு வெள்ளிக்கிழமையும் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறாள்.

அவர் விளக்கியது இவ்வளவுதான். பேக்அப் எடுக்கும் நேரத்தில் ஒரு ஃபைலை யாராவது திறந்து வைத்திருந்தால், இந்தப் பழைய ப்ரோகிராம் அதைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். அளவு ஃபைலை எப்போதும் யாரோ திறந்தே வைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ? அந்த ஃபைலைத் தொடுகிறவர் பட்டறையில் அவளைத் தவிர ஒரே ஆள்தான். அளவெடுக்கிற மேஸ்திரி. ஆறு வருஷத்துக்கு முன்பு அவர் அறையிலும் ஒரு கம்ப்யூட்டர் வைத்து, அதை அவளுடையதோடு இணைத்து, அளவை அவரே தட்டிவிடலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அன்று தொடங்கியது அக்காவின் தலைவலி. எண்களை மனிதர் பிழையில்லாமல் தட்டுவார். கடவுச்சொல் மட்டும் அவருக்கு வராது. எழுதிக் கொடுத்தாள், அப்போதும் வரவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பக்கத்து அறையிலிருந்து அவளுக்குக் கூப்பாடு வரும். செருப்புத் தோலைவிடத் தடித்த மண்டை என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறாள்.

நடுவில் தொலைபேசி அடித்தது. வீட்டுக்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தாயா என்றார். அக்கா போனை வைத்தாள். நாலாயிரம் பேரைத் திரும்ப அழைக்க வேண்டும். பாதிப் பேருக்கு நடக்கவே முடியாது, நடக்க முடியாததால்தானே இங்கே வந்தார்கள்? இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள். அவர்கள் எல்லோரும் வந்து முடிய இரண்டு வருஷம் ஆகும். அதுவரை பழைய செருப்பு தேய்ந்துகொண்டே போகும். எத்தனை பேருக்குப் புண் வரும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அவளுக்கு எது வந்தாலும் முதலில் கோபமாகத்தான் வரும்.

மேஸ்திரி அறைக்குள் புயலாக நுழைந்தாள். அவர் ஒரு அம்மாவின் குதிகாலைத் தொடையில் வைத்து நாடாவால் சுற்றிக்கொண்டிருந்தார். திரையில் ப்ரோகிராம் திறந்தபடி கிடந்தது. இணைப்பு இல்லை என்ற சிவப்பு எழுத்தை மனிதர் சட்டை செய்ததாகவே தெரியவில்லை.

"மூடுங்க அத," என்றாள். "மொதல்ல மூடுங்க. உங்களால வந்த வினை எல்லாம்."

அவர் நாடாவை எடுக்காமலே மறு கையால் மவுஸை யாரும் தொடாதபடி பொத்திக்கொண்டார். திரையின் ஓரத்தைத் தாடையால் காட்டினார். "மூடக்கூடாதுன்னு நீங்கதான் ஒட்டி வச்சிருக்கீங்க. ஆறு வருஷமா மூடல. இப்ப மூடணும்னா அதையும் எழுத்துல குடுங்கக்கா."

அங்கே ஒரு தாள் மஞ்சள் பூத்துப்போய் ஒட்டியிருந்தது. இந்த ப்ரோகிராமை எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது. கீழே அவள் கையெழுத்து, தேதி, ஆஸ்பத்திரி முத்திரை வேறு. பத்துத் தடவை கூப்பாடு தாங்காமல் ஒருநாள் ஆத்திரத்தில் அடித்து ஒட்டியது. மின்சாரம் போய் வந்தால் அவளே போய்த் திறந்து வைப்பாள். அந்தத் தாள் அங்கே இருந்ததையே மறந்திருந்தாள்.

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. அப்படியும் விடுகிற ஜாதி இல்லையே அவள்? எழுதித்தானே வேண்டும், எழுதித் தொலைக்கிறேன் என்று மேசையில் பேனாவைத் தேடினாள். அந்த மேசையில் ஊசி இருந்தது, பசை இருந்தது, சுண்ணாம்புக்கட்டி இருந்தது, பேனாதான் இல்லை. இழுப்பறையை இழுத்தாள், அது சிக்கிக்கொண்டது. அதனோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கம்ப்யூட்டர்காரர் உள்ளே வந்து திரையைப் பார்த்தார்.

"யாரும் கை வைக்காதீங்க," என்றார் மெதுவாக.

அந்தப் பழைய ப்ரோகிராமுக்கு ஒரு வழக்கம் உண்டாம். திறந்ததும் அளவு ஃபைல் முழுவதையும் இந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு நகல் எடுத்துக்கொள்ளும், வேகத்துக்காக. புதிதாகத் தட்டுவதையும் அதிலேயே சேர்த்துக்கொண்டு போகும். மூடினால் நகலை அழித்துவிடும். அக்கா இழுப்பறைக் கைப்பிடியை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

நகலைத் தேடி எடுத்து, புதிய கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய், பெயரோடு அளவைப் பொருத்த மாலை மூன்றரை ஆயிற்று. அதுவரை மேஸ்திரி தன் நாற்காலியை விட்டு எழவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அக்கா ஐம்பது எண்களைத் தட்டிப் பார்த்தாள். நடத்துநரின் இல்லாத இரண்டு விரல்களுக்கான சுழியங்கள்வரை எல்லாம் இருந்தன. பேக்அப்பையும் அப்போதே எடுத்தார்கள். தவிர்க்கப்பட்டது எதுவும் இல்லை என்று வந்ததை அவள் வாய்விட்டு இரண்டு தடவை படித்தாள். கண்காணிப்பாளருக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை யார் தலையில் கட்டுவது என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.

இனிமேல் மேஸ்திரி தினமும் சாயந்தரம் மூடித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒருமுறை மூடித் திறந்து காட்டச் சொன்னாள். கடவுச்சொல் கேட்கும் கட்டம் வந்தது. மேஸ்திரி விரலைத் தூக்கிக்கொண்டு விசைப்பலகை மேல் அலைந்தார். அக்காவுக்குப் பொறுமை போயிற்று. நான் எழுதிக் கொடுத்த சீட்டு எங்கே என்று கேட்டாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து பர்ஸை எடுத்தார். நாலாக மடித்த சீட்டு, மடிப்பெல்லாம் கிழிந்து, உள்ளே பத்திரமாக இருந்தது. பிரித்து மேசையில் வைத்தார்.

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதுக்கா. ஒவ்வொரு எழுத்தா பாத்து அமுக்கிடலாம்னுதான் வச்சிருந்தேன். நீங்க எழுதின எழுத்து இந்தப் பலகையில இல்ல."

அக்கா சீட்டைப் பார்த்தாள். எல்லாம் சின்ன எழுத்தில், அவளுடைய அழகான சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. விசைப்பலகையைப் பார்த்தாள். தினமும் அவள் பல் துலக்கியால் துடைப்பது மாதிரியானதுதான். அதில் இருந்தவை எல்லாம் பெரிய, கேபிடல் எழுத்துகள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவமானத்தில் காது மடல் சுட்டது.

"ஆறு வருஷமா இத ஏன் சொல்லல மேஸ்திரி?"

"நீங்க எங்கக்கா கேட்டீங்க," என்றார் அவர், கோபமே இல்லாமல், நாடாவைச் சுருட்டிக்கொண்டே. "திட்டத்தானே செஞ்சீங்க."