டெஸ்க்டாப்பில் இருந்த வியாக்கியானம்

"ஃபைலைக் காணலையே" என்று வரதராஜன் சார் ஃபோன் செய்தபோது, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் எங்கள் சர்வீஸ் கடையில் ஒரு பிரிண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்காரர், ரிட்டயர்டு வாத்தியார். முந்தின நாள்தான் அவருடைய பழைய கம்ப்யூட்டர் வேகமாக ஓட, ராம் என்கிற மெமரித் துண்டு ஒன்றைக் கூட்டிக் கொடுத்திருந்தேன்.

நான் அஞ்சாம் கிளாஸ் வரைதான் படித்தேன். தொழிலைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டவன். ராமின் அடியில் வெட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தே அது டிடிஆர் டூ என்கிற பழைய வகையா, அதற்கடுத்த த்ரீயா என்று சொல்லிவிடுவேன். வாடிக்கையாளரிடம் பேசத்தான் கூச்சம்.

மெஷினைக் கொடுக்கும்போதே சார் சொன்னார்: "இதுல எங்கப்பா எழுதின பாசுர வியாக்கியானம் இருக்கு. மூணு வருஷமா டைப் பண்ணிண்டிருக்கேன். ஜாக்கிரதை."

எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன்.

சாருடைய மெஷினுக்கு டிடிஆர் டூதான் சேரும்; அது இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. கடையில் கிடந்த ஒரு பழைய ராமை எடுத்து, அதன் பித்தளை நிறக் கால்களை அழிரப்பரால் தேய்த்துப் போட்டேன். அஞ்சு நிமிஷத்தில் மெஷின் நின்றுபோய் புளூ ஸ்கிரீன் வந்தது. அதில் வரும் இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராது. நீலம் வந்தால் ஃபார்மட் அடிப்பது, அதாவது டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் சி பகுதியை அழித்துப் புதிதாகப் போடுவது, எங்கள் கடை வழக்கம். "எல்லாரும் டி டிரைவ்லதான்யா வைப்பாங்க, சி-யை மட்டும் அடிச்சு விடு" என்பார் முதலாளி. டி-யைத் திறந்து பார்த்தேன். போட்டோக்களும் தமிழில் பெயர் எழுதிய ஃபோல்டர்களும் இருந்தன. அதில்தான் இருக்கும் என்று நினைத்து, சி-யை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டேன்.

மறுபடியும் நீலம். அப்புறம்தான் ராமை மாற்றினேன். சரியாகிவிட்டது. கோளாறு ராமில்தான் இருந்திருக்கிறது. ஃபார்மட் தேவையே இல்லை.

ஃபோனில் எங்கே வைத்திருந்தார் என்று கேட்டேன். "டெஸ்க்டாப்லதான். ஆன் பண்ணினா எதிர்லயே இருக்கும்" என்றார். டெஸ்க்டாப் சி-யைச் சேர்ந்தது.

மெஷினைக் கொண்டுவந்து அழிந்ததை மீட்கும் ரெக்கவரி சாஃப்ட்வேரை ரெண்டு நாள் ஓட்டினேன். வந்த ஃபைல்களைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள். சாரின் அப்பா கையால் எழுதின நோட்டுகள் இருக்கும், திரும்ப டைப் அடித்துவிடலாம் என்ற ஒரே தைரியத்தில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"நோட்டெல்லாம் பொடிஞ்சு உதிர ஆரம்பிச்சுடுத்து" என்றார் சார். "பெருமாள் விஷயம் எழுதினதைக் குப்பையில போடப்படாது. ஒவ்வொண்ணா டைப் பண்ணி முடிச்சதும் கொள்ளிடத்துல விட்டுட்டேன்."

உள்ளேயிருந்து சார் வீட்டு மாமியின் குரல் வந்தது. "வேகமா இருக்கணும்னேளே, இப்போ வேகமா இருக்கா?"

சார் என்னைப் பார்த்து, "ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ராம் போட்டதும் நீலம் வந்தால், முதலில் அந்த ராமைக் கழற்றுங்கள். ஃபார்மட் அடிக்கும் முன் வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எது வேண்டும் என்று காட்டச் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள்.

சில மாதம் கழித்து சார் கூப்பிட்டார். நினைவில் இருந்ததை டைப் செய்திருக்கிறாராம், பென் டிரைவில் ஏற்றித் தர வேண்டுமாம். போய்ப் பார்த்தேன். ஒரே பக்கம்.

"இதுல எது அப்பா சொன்னது, எது நானா சேர்த்ததுன்னு எனக்கே தெரியலை" என்றார்.

அந்த ஒரு பக்கத்தை ரெண்டு பென் டிரைவில் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.