பதில் வராத கியர்பொக்ஸ்

"வாகனத்தின் பிரதான பாகம் எதனையும் மாற்றுபவர் அதனை எழுத்து மூலம் பதிவாளருக்கு அறிவித்தல் வேண்டும், பதில் கிடைக்கும்வரை அவ்வாகனத்தைத் தெருவில் செலுத்தலாகாது." கொழும்பில் நான் வேலை பார்த்த வாகனப் பதிவுக் கந்தோரின் சுவரில் இந்த விதி தொங்கியது. அதன் தமிழ் வாசகம் என்னுடையது. அதைக் காட்டி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஓய்வு பெற்று மெல்பேர்ணுக்கு வந்த பிறகு, இங்கேயும் அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று நான் தேடிப் பார்க்கவில்லை. இல்லாமலும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ரயில் பாதை முடிகிற கிளென் வேவர்லியில் குடியிருந்தேன். ஆசிரியையான என் மனைவி சரோ, தன் ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்ததால் கொழும்பில் தங்கிவிட்டாள். அந்தத் தனிமையில்தான் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினேன். இரண்டே இருக்கை, மடக்கி வைக்கக்கூடிய துணிக்கூரை. "நீர் வந்திறங்கும் அன்று கூரையைத் திறந்துகொண்டு வந்து உம்மை ஏற்றுவேன்" என்று அவளுக்கு எழுதினேன். எழுதிய மாதமே இரண்டாவது கியர் நிற்காமல் நழுவத் தொடங்கியது.

பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்தில் அதே மாதிரிக் கியர்பொக்ஸ் ஒன்று கிடைத்தது. அந்தக் காரில் கியர்பொக்ஸை மட்டும் தனியே கழற்ற முடியாது. இயந்திரத்தோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கெவின் தன் கராஜின் கூரை வளையில் சங்கிலிக் கப்பி கட்டித் தந்தார். கழற்றிய ஆணிகளை நான் இலக்கமிட்ட கடித உறைகளில் போட்டேன். அவர் கழற்றியவை எல்லாம் ஒரே ஜாம் தகரத்துக்குள் போயின. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. என் உறைகள் காலி. அவருடைய தகரத்தில் நான்கு ஆணிகள் மிச்சம். அவற்றுக்கு இடம் தேட நான்காவது ஞாயிறும் போயிற்று.

"சரி, ஓட்டிப் பார்" என்றார் கெவின்.

"முதலில் அறிவிக்க வேண்டும். எந்தப் படிவம்?"

"படிவமா? எதுக்கு, மேட்?"

பிறகு, அதிக நேரம் வெயிலில் நின்ற ஒருவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்து, குளிர்ந்த பியர் ஒன்றைக் கையில் தந்தார். நான் அன்றே இங்குள்ள வாகனப் பதிவுக் கந்தோருக்குக் கடிதம் எழுதி, பழைய கியர்பொக்ஸின் இலக்கத்தையும் புதியதன் இலக்கத்தையும் குறித்து அனுப்பினேன்.

பதில் வரவில்லை. சரோ வந்தாள். ரயிலும் பஸ்ஸுமாக விமான நிலையத்துக்குப் போனேன். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நின்றவள் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, கார் எங்கை?"

"வீட்டிலை நிக்குது."

"ஓடாதோ?"

"நல்லாய் ஓடும். கடிதம் வரேல்லை."

அவள் சிரிக்கவில்லை. பஸ் பாதித் தூரம் வந்தபிறகுதான் சொன்னாள்: "கொழும்பிலை மற்றவையை நிப்பாட்டி வைச்சியள். இஞ்சை நிப்பாட்ட ஒருத்தரும் இல்லையெண்டு உங்களையே நிப்பாட்டி வைச்சிருக்கிறியள்."

அதன் பிறகு சில வாரங்கள், மாலையில் வாசலில் நின்ற காருக்குள் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு தேநீர் குடித்தோம். இரண்டு வருடம் பிரிந்திருந்தவர்களுக்குப் பேச நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு மேலால் கெவின், "தூரப் பயணமோ?" என்று கேட்பார். ஒருநாள் சரோ, திரும்பிப் போவதற்கு விமானச் சீட்டு எவ்வளவு காலம் செல்லுபடியாகும் என்று என்னிடம் விசாரித்தாள். விதிகள் தெரிந்தவன் என்பதால் சரியான விடையைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் கேள்வி விளங்கியது.

அடுத்த ஞாயிறு காலை, காரின் நான்கு சில்லுகளுக்கும் கீழே மஞ்சள் பழங்கள் இருந்தன. ஊர்த் தேசிக்காய் அல்ல. கெவினின் மரத்துப் பெரிய லெமன். இது என்ன என்று கெவின் கேட்க, "பேர்மிற்" என்றாள் சரோ. பிறகு என்னைச் சாரதி ஆசனத்தில் இருத்தி, பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"அவையின்ரை கடிதம் வரேக்கை வரட்டும். நான் வந்திட்டன். எடுங்கோ."

எடுத்தேன். மூன்று பழங்கள் நசுங்கின. ஒன்று உருண்டு தப்பியது. கடற்கரைவரை போய் வந்தோம். இரண்டாவது கியர் அசையாமல் நின்றது. பொலிஸ் வாகனம் ஒவ்வொன்றையும் கண்டபோது பிரேக்குக்குப் போன என் கால் மட்டும் கொழும்பில் இருந்தது. தப்பிய பழத்தைச் சரோ காரின் முன்பெட்டியில் போட்டு வைத்தாள். அங்கேயே காய்ந்து கல்லாயிற்று.

கடைசியில் வந்த பதில் ஒரே வசனம். இத்தகைய மாற்றத்துக்கு அனுமதியோ அறிவித்தலோ தேவையில்லை. மூன்று முறை வாசித்தேன். திருப்பி அனுப்பப்பட்டவன் போல இருந்தது. பிறகு கந்தோர் வழக்கப்படி சிவப்பு மையால் மூலையில் குறித்து, கையொப்பமிட்டு, அந்தப் பழத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பெறப்பட்டது: 1977 மார்ச் 3.