டாலி மடுவின் அடிக்களி

கிளெனிஸ் ஹாடோவின் கோபத்துக்குக் காரணம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அது அவளோடு ஒரே வீட்டில் குடியிருந்தது. பெயர் மரே. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடுகிற பம்பைக் கழற்றிப் போடுவான். ஒழுங்காக மூடுகிற கதவைச் சீவித் தள்ளுவான். குயின்ஸ்லாந்தின் மேற்குக் கோடியில், அடுத்த பண்ணைக்குப் போவதற்குள் பாதிக் காலை போய்விடுகிற ஆட்டுப்பண்ணையில், இவனோடு ஒரு ஆயுளை ஓட்டியவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

அங்கே முந்தாரா என்று ஓர் ஆறு. பெயருக்குத்தான் ஆறு. ஏதோ ஒரு வருஷம் வரும், பல வருஷம் எட்டிக்கூடப் பார்க்காது. வடக்கே எங்கோ மழை கொட்டியிருக்கும். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்போது, காய்ந்த மணலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வந்து நிற்கும். அது வடிந்த பிறகு மிஞ்சுவது மடுக்கள்தான். ஹாடோ வீட்டுக்குக் கீழே இருந்தது டாலி மடு. ஓட்டம் நின்றதும் மஞ்சவயிறு மீனும் ஆமையும் அதில்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கும். அடுத்த வெள்ளத்தில் அங்கிருந்துதான் ஆறு முழுக்கப் பரவும். காலைத் தேநீரைக் கிளெனிஸ் அதன் கரையில்தான் குடிப்பாள். பிள்ளைகள் பிரிஸ்பேனுக்குப் போன பிறகு, குறுக்கே பேசாமல் அவள் புலம்பலைக் கேட்டது அந்த மடு ஒன்றுதான்.

அந்த மடுவே வற்றிப்போன வருஷம் மரேயின் கை அரிக்க ஆரம்பித்தது.

"இதான் சரியான நேரம், கிளென். காஞ்சு கெடக்கு. இன்னும் ரெண்டு ஆள் ஆழம் தோண்டிட்டா, எந்தப் பஞ்சத்துலயும் வத்தாது."

"பக்கத்துப் பண்ணை பெவன் தோண்டினானே, என்ன ஆச்சு? அடியில இருக்கிற களிதான்யா தண்ணியத் தாங்குது. அதக் கிழிச்சா கீழ வெறும் மணலு."

"பெவன் ஒரு அரைவேக்காடு."

"நீ மட்டும் ரொம்ப வெந்துட்ட! அந்த மண்ணுல கைய வச்சுப் பாரு, அப்புறம் இருக்கு உனக்கு."

மரே சிரித்தான். அவன் சிரித்தால், சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை என்று அர்த்தம்.

கண்புரை அறுவைக்கு அவள் ராக்ஹாம்ப்டன் போக வேண்டியிருந்தது. தங்கை வீட்டில் தங்கி, ஒரு கண்ணில் கட்டோடு திரும்பி வந்தாள். மடுவின் நடுவில் யாரிடமோ இரவல் வாங்கிய பொக்லைன் நின்றது. பக்கத்தில் பெரிய பள்ளம். பள்ளத்தின் அடியில், அவள் பயந்தபடியே, வெளுத்த மணல். இருந்த ஒரு கண்ணுக்கே அது தாராளமாகப் போதும்.

"அடப்பாவி மனுஷா!"

வெட்டிப்போட்ட களிமண் குவியலில் ஈரம் இன்னும் இருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு அடுத்த வெள்ளத்துக்காகக் காத்திருந்த மட்டிகள் நசுங்கிக் கிடந்தன. தங்களைச் சுற்றித் தோலால் ஒரு பை கட்டிக்கொண்டு மண்ணுக்குள் உறங்கும் தவளைகள், பை கிழிந்து, வெயிலில் திருதிருவென்று விழித்தன. கிளெனிஸ் ரொட்டி பிசைகிற பாத்திரத்தை எடுத்துவந்து, உயிரோடு இருந்தவற்றைப் பொறுக்கினாள். அடுத்த வெள்ளம்வரை உறங்கட்டும் என்று, கரை மரத்து நிழலில் குழி தோண்டித் திரும்பப் புதைத்தாள்.

"தவளைக்கெல்லாமா அழுவாங்க?" என்றான் மரே.

"தவளைக்கு யாரு அழுதா? உன்னக் கட்டிக்கிட்டதுக்கு அழுவுறேன்."

அடுத்த கோடையில் ஆறு வந்தது. காய்ந்த மணலில் ஊர்ந்து வரும் வெள்ளத்தின் முதல் நுனியைப் பார்க்க வழக்கம்போல ஊரே பிக்கப் வண்டிகளில் பியரோடு வந்து கரையில் உட்கார்ந்தது. மடு தளும்பியது. வெறும் தூசியாகக் கிடந்த மண்ணிலிருந்து பொடி இறால்கள் பொரிந்து தண்ணீரெல்லாம் துள்ளின. தவளைகள் போட்ட கூச்சலில் தொலைபேசியில் பேச முடியவில்லை. கீழ் மடுக்களிலிருந்து மஞ்சவயிறு மீன்கள் எதிரேறி வந்தன.

"பாத்தியா? பாத்தியா?" என்று மரே கரையெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலைந்தான். பெவனுக்குக்கூட ஒரு பியர் கொடுத்தான். தான் சொன்னது பொய்யாகப் போகட்டும் என்று கிளெனிஸ் வாழ்க்கையில் வேண்டிக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

ஓட்டம் நின்றது. மடு இறங்கத் தொடங்கியது. வெயிலுக்கு இறங்குகிற இறக்கம் இல்லை அது. காலையில் நனைந்திருந்த வேர் சாயங்காலம் காய்ந்திருந்தது. கூழைக்கடாக்கள் எங்கிருந்தோ கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. ஒரு நாள் காலை அவள் தேநீரோடு போனபோது, சேற்றில் மீன்களின் முதுகுகள் நெளிந்துகொண்டிருந்தன. மரே முழங்கால் சேற்றில் நின்று, அவற்றை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தான்.

அவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு வாளியோடு இறங்கினாள். இறங்கியதிலிருந்து வாய் ஓயவில்லை. "படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டியா? பெவன் அரைவேக்காடாம்! இப்ப நீ யாரு? அந்தப் பெருசப் பிடி, வழுக்குது பாரு. வாலப் பிடிக்காத, செவுளுக்குக் கீழ பிடிய்யா!" மரே அவள் சொன்னபடியே செவுளுக்குக் கீழே பிடித்தான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. ஆட்டுத் தண்ணீர்த் தொட்டி கொண்டமட்டும் மீன்களை விட்டார்கள். மீதி செத்தது. நாற்றம் வீடு வரைக்கும் வந்தது.

சேறு இறுகியதும் மரே மேட்டிலிருந்து களிமண் ஏற்றிவந்து பள்ளத்தில் கொட்டினான். தண்ணீர் தெளித்து, ஆட்டு மந்தையை அதன்மேல் சுற்றிச் சுற்றி ஓட்டி மிதிக்கவிட்டான். புதிதாக வெட்டிய குட்டையின் அடியைக் கெட்டிப்படுத்த அங்கே எல்லோரும் செய்வதுதான். அவன் ஒரு பக்கம் விரட்ட, மறுபக்கம் கிளெனிஸ் தொப்பியை வீசி மடக்கினாள். இந்த வயதில் இது அவளுக்குத் தேவையா?

களி பாறை மாதிரி இறுகிய பிறகு, மரே வேலியில் சாய்ந்து மூச்சு வாங்கினான். முகம் சாம்பலாக வெளுத்திருந்தது.

"இனிமே நிக்கும்னு நெனக்கிறேன், கிளென்."

"நெனப்பு எவனுக்கு வேணும்? எப்பத் தெரியும்?"

"ஆறு வந்தா தெரியும்."

"ஆறு எப்ப வரும்?"

அவன் வடக்கே பார்த்தான். ஒரு பொட்டு மேகம் இல்லை. "நாலு வருஷம் ஆகலாம். ஆறு வருஷமும் ஆகலாம்."

அவனுக்கு எழுபத்து மூன்று வயது. போன மாதம்தான் டாக்டர் அவன் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, முகத்தைக் கோணிக்கொண்டு மாத்திரை எழுதியிருந்தார். கிளெனிஸுக்கு அடிவயிற்றிலிருந்து பயம் ஏறியது. வாய்க்கு வரும்போது அது கோபமாகிவிட்டது.

"இந்தா பாரு மரே, அதுக்குள்ள செத்துகித்துத் தொலைஞ்சேன்னா தெரியும் சேதி! தண்ணி நின்னா யார்கிட்டப் போயி நீ நல்லாப் பண்ணினேன்னு சொல்லுவேன்? நிக்கலேன்னா யாரப் போயி திட்டுவேன்?"