நேரில் வந்த விண்ணப்பதாரர்

2023 மார்ச்சில் இளமதி வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தை மூடினார்கள். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அதன் பிறகு சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் பகுதியில் தன் அடுக்குமாடி வீட்டில் தனியாக உட்கார்ந்து, பிறர் எழுதும் அறிவியல் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தார். வேலை மின்னஞ்சலில் வரும், மின்னஞ்சலிலேயே திரும்பிப் போகும். எழுதியவர்களின் குரல்கூட அவருக்குத் தெரியாது. சில நாட்களில், சாயங்காலம் கீழே இறங்கி நாகூர் கனியின் கடையில் தேநீர் கேட்கும்போதுதான் அன்றைய முதல் பேச்சே வெளிவரும். தொண்டை கரகரக்கும்.

ஒரு தனியார் பல்கலைக்கழகம் அறிமுக உயிரியலுக்குப் பகுதிநேர விரிவுரையாளர் தேடுகிறது என்று பார்த்ததும் விண்ணப்பம் போட்டார். வகுப்பு என்றால் ஆட்கள் இருப்பார்கள். அது போதும் அவருக்கு.

நேர்காணல் ஒரு வெள்ளிக்கிழமை. மாதிரிப் பாடம் ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். தேக்கா சந்தையில் பெரிய வெங்காயம் வாங்கினார், தேர்வுக்குழுவில் ஆளுக்கு ஒன்றாக.

“என்னக்கா, இன்டர்வியூன்னீங்க, கையில வெங்காயம்? சமையல் வேலையா?” என்றார் கனி.

“பயாலஜி பாடம் லா, பாய். அவங்களையே தோலை உரிக்க வைக்கப் போறேன்.”

“எல்லாரும் சேர்ந்து அழுதா வேலை உங்களுக்குத்தான்.”

டோபி காட் ரயில் நிலையத்தில் இறங்கி அவர் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது, காவலர் ரமீஸ் நிமிர்ந்து பார்த்தார். “மேல யாரும் இல்லையே, மேடம். வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் வீட்லேர்ந்துதான் வேலை.”

கைப்பேசியில் துறைத் தலைவர் சுந்தரேசன் பதறினார். “மேடம், லிங்க் அனுப்பியிருந்தோமே. வீடியோ கால்தான்.”

அந்த இணைப்பை இளமதி பார்த்திருந்தார். வெளிநாட்டிலிருந்து கலந்துகொள்பவர்களுக்கு என்று நினைத்துவிட்டார். தனக்காக ஒரு மேசையைச் சுற்றி ஆட்கள் காத்திருப்பார்கள் என்று மனத்தில் படம் போட்டு வைத்திருந்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

ரமீஸ் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டார். கைப்பேசியை ஒரு வெங்காயத்தில் சாய்த்து நிறுத்தி, இன்னொன்றைக் கீறி, உள்பக்கத்துச் சவ்வை உரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார் இளமதி. “இந்தச் சவ்வில் எத்தனை அடுக்கு செல்கள் இருக்கும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். திரையில் இரண்டு முகம், பெயர் மட்டும் எழுதிய ஒரு கறுப்புக் கட்டம். கடைசியில், ஒரே ஓர் அடுக்குதான் என்று அவரே பதிலும் சொன்னார். காலி நாற்காலிகளைப் பார்க்காமல் பாடத்தை முடித்தார்.

மற்ற இருவரும் திரையிலிருந்து போனதும் சுந்தரேசன் தமிழுக்கு மாறினார். “ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம். லெக்சர் உங்களுக்குத்தான். முழுக்க ஆன்லைன், வீட்டை விட்டு வெளிய வரவே வேணாம்.”

நல்ல சேதி சொல்லும் குரல் அது. இளமதி இப்போதுதான் காலி நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தார்.

“லேப் வகுப்பு யார் எடுக்கறா?”

“அது நேர்ல, சனிக்கிழமை காலைல. இன்னும் ஆள் போடல. ஆனா அது உங்க பிஎச்டிக்கு ரொம்பக் கீழ, மேடம். ஒரு செமஸ்டருக்குத்தான் கான்ட்ராக்ட். லெக்சர்னா வருஷா வருஷம் நீட்டிப்பாங்க. ரெண்டையும் ஒருத்தருக்கே குடுக்க ரூல்ல இடமில்ல.”

“அப்ப லேப் குடுங்க.”

“யோசிச்சுச் சொல்லுங்களேன்.”

“யோசிச்சாச்சு.”

“ஏன்னு கேக்கலாமா?”

உண்மையைச் சொன்னால் பரிதாபப்படுவார் என்று தோன்றியது. இருந்தாலும் பாதியைச் சொன்னார். “மைக்ரோஸ்கோப்ல ஒண்ணும் தெரியலன்னு யாராவது கூப்பிடுவாங்க. பக்கத்துல போய் நின்னு பார்க்கணும்ல, சார்.”

“சரி மேடம், கான்ட்ராக்ட் பேப்பர் அனுப்பறேன்” என்றார் சுந்தரேசன்.

விரிவுரை வேறொருவருக்குப் போனது. இளமதியின் முதல் ஆய்வக வகுப்பு ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது.