சூலகத்தில் ஒரு கட்டி, வாசலில் ஒரு கூட்டம்

பெண்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை என்பது, டாக்டரம்மா ஒரு தடவை சொன்னதை நாம் பத்துத் தடவை சொல்லிவிட்டு, கடைசியில் "இதை டாக்டரே சொல்லியிருந்தா கேட்டிருப்போம்" என்று திட்டு வாங்குவது. தர்மபுரியில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் பதினாலு வருடமாக அந்தத் திட்டை நான் தவறாமல் வாங்கி வருகிறேன். பிரசவத்துக்கு வருகிறவர்கள் கேள்வியோடு வருவார்கள். நீர்க்கட்டி என்று வருகிறவர்கள் பதிலோடு வருவார்கள். சூலகத்தில், அதாவது கருமுட்டை உருவாகும் இடத்தில், நீர் கோத்து நிற்கிற பை அது, பெரும்பாலும் சாதுவான பிராணி என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் அதற்குப் பத்தியச் சாப்பாடே முடிவு செய்திருப்பார்கள். என்னைப் போல வெள்ளை உடுப்புப் போட்டு நிற்கும் பாவப்பட்ட ஜென்மங்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

ஒரு லிட்டர் சந்தேகம்

பொம்மிடியிலிருந்து ஒரு அம்மா தன் மகளை ஸ்கேனுக்குக் கூட்டி வந்தார். மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் சூலகம் தெளிவாகத் தெரியும். அதனால் அந்தப் பெண்ணிடம் ஒரு லிட்டர் பாட்டிலைக் கொடுத்து, குடித்துவிட்டு ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னேன். மகள் பாதி குடித்ததும் அம்மா பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்.

மூத்திரப்பை வேறு, சூலகம் வேறு, குடிக்கிற தண்ணீர் கட்டிக்குள் போகாது என்று காகிதத்தில் படமே போட்டுக் காட்டினேன். படத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "நீர்க்கட்டிய கரைக்கத்தாங்க கூட்டியாந்தோம். நீங்க அதுக்கு மேல தண்ணி பாய்ச்சறீங்க."

சும்மா இருக்கும் வைத்தியம்

பாப்பாரப்பட்டியில் உரக்கடை வைத்திருப்பவர் ஒருவர் மனைவியோடு வந்தார். மனைவிக்கு எலுமிச்சம்பழ அளவில் ஒரு சாதாரண நீர்க்கட்டி. மாதாமாதம் முட்டை வளரும் பையே சில சமயம் உடையாமல் நீர் சேர்த்து நின்றுவிடும். ரெண்டு மூணு மாதவிடாய் போனால் தானே சுருங்கிவிடும். மாத்திரை வேண்டாம், மூன்று மாதம் கழித்து ஒரு ஸ்கேன் போதும் என்றார் டாக்டரம்மா. கணவர் முகம் தொங்கிப்போயிற்று. பூச்சி விழுந்த செடிக்கு எதையும் அடிக்காமல் அனுப்புகிற கடைக்காரர் உலகத்தில் உண்டா? "ஒரு ஊசியாவது போடுங்க சிஸ்டர், இவ்ளோ தூரம் வந்துட்டோம்" என்று என்னைக் கெஞ்சினார்.

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். கட்டி இல்லை. எனக்குக்கூடப் பெருமையாக இருந்தது. மனைவி சிரித்துக்கொண்டே நன்றி சொன்னார். கணவர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரகசியத்தைப் பகிர்ந்துகொள்கிற குரலில் சொன்னார்: "டாக்டரு சும்மா பாத்துக்கினுதான் இருந்தாங்க. வாரச் சந்தையில வாங்கன பொடிதாங்க வேலை செஞ்சுது."

பன்னெண்டு

பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது என்று அவளுடைய அப்பா கூட்டி வந்தார். ஸ்கேனில் சூலகத்தின் ஓரமாக முத்துமாலை மாதிரி சின்னச் சின்னக் குமிழ்கள். இதையும் ஊரில் நீர்க்கட்டி என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் இவை கட்டியே இல்லை, வளராமல் நின்ற முட்டைப் பைகள். உடம்பின் சுரப்பிகள் சீராக இல்லாததற்கு அடையாளம். வெட்டி எடுக்க ஒன்றுமில்லை. நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு, தேவைப்பட்டால் மாத்திரை. அப்பா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எண்ணிப் பார்த்தார். "ஒண்ணு இருக்கிறவங்களுக்கெல்லாம் ஆபரேஷன் பண்றீங்க, எம்பொண்ணுக்குப் பன்னெண்டு இருக்குது, நடக்கச் சொல்றீங்க."

பல் முளைத்த கட்டி

தானே கரையாத கட்டிகளும் உண்டு. அதில் ஒரு வகைக்குள் முடி, கொழுப்பு, சமயத்தில் பல்கூட இருக்கும். முட்டையாக வேண்டிய செல் வழி தவறி, தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்த கதை அது. கல்யாணமாகி நாலு வருடமாகியும் குழந்தை இல்லாத ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு கட்டி. வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டு, கேமரா வைத்து, சூலகத்தைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுத்தார் டாக்டரம்மா. வெளியே காத்திருந்த மாமியாரிடம் கிண்ணத்தில் வைத்துக் காட்டினேன்.

முடியைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். இது குழந்தை இல்லைங்க, குழந்தைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். உள்ளே மருமகள் மயக்கம் தெளிந்து, நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பெருமூச்சு விட்டார்: "முடியும் பல்லும் வந்துடுச்சி. இன்னுங்கொஞ்ச நாளு வுட்டிருந்தா மீதியும் வந்திருக்கும், அவசரப்பட்டுட்டீங்க."

குடல்வால்னு எழுதுங்க

தொப்பூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண்ணை, முகத்தைத் துப்பட்டாவால் மூடி, ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். முந்தின நாள் காலையிலிருந்து வலது அடிவயிற்றில் வலி, ஓயாத வாந்தி. கல்யாணமாகாத பெண்ணைப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் ஊர் என்ன பேசும் என்று அவள் அம்மா ஒரு நாள் முழுக்க சுக்குக் கஷாயம் கொடுத்திருக்கிறார். கட்டியின் கனத்தில் சூலகம், துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டு, ரத்தம் போகிற வழி அடைபட்டிருந்தது. இப்படி வந்தால் சூலகத்தைக் காப்பாற்ற இருக்கிற நேரம் மணிக்கணக்குத்தான், நாள்கணக்கு இல்லை. உடனே ஆபரேஷன். டாக்டரம்மா முறுக்கைப் பிரித்து வைத்து, கறுத்துப்போன சூலகத்துக்கு ரத்தம் ஓடி நிறம் திரும்புகிறதா என்று காத்திருந்து பார்த்தார். திரும்பவில்லை. அந்தப் பக்கத்துச் சூலகத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

மறுபக்கம் நன்றாக இருக்கிறது, மாதவிடாய்க்கும் பிள்ளைப்பேறுக்கும் அது போதும் என்று சொன்னோம். அம்மா சுவரோரம் உட்கார்ந்து அழுதார். அழுகை நின்றதும் என் கையைப் பிடித்து, டிஸ்சார்ஜ் சீட்டில் குடல்வால் ஆபரேஷன் என்று எழுதித் தரச் சொன்னார். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். குடல்வாலுக்கு ஊரில் இருக்கிற மரியாதை சூலகத்துக்கு இல்லை. பொய் எழுத முடியாதுங்க என்றேன். கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த பெண் மெதுவாகப் பேசினாள்: "சீட்டுல எதுவேணா இருக்கட்டும்மா. இனிமே வலிச்சா நான் தனியாவே பஸ்ஸு ஏறி வந்துடுவேன்."

வைத்தியச்சியின் வயிறு

இதையெல்லாம் சொல்கிற நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? போன வருடம் மாதவிடாய் நாட்களில் நிற்கக்கூட முடியாத வலி. வாயு என்று முடிவு செய்து ஏழு மாதம் ஓமத்தண்ணீர் குடித்தேன். ஏழாவது மாதம் வார்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளை, கூட வேலை செய்யும் மேரி கையைப் பிடித்து இழுத்துப்போய் ஸ்கேன் மேசையில் படுக்கவைத்தாள். பழைய ரத்தம் சேர்ந்து கெட்டியாகிற வகைக் கட்டி, சாக்லேட் கட்டி என்பார்கள். இனிமேல் வூட்டில் சாக்லேட்டே வாங்கக்கூடாது என்று என் கணவர் உத்தரவு போட்டார். அவருக்கு விளக்குகிற தெம்பு எனக்கு இல்லை.

அளவு சிறிதாக இருந்ததால் முதலில் ஹார்மோன் மாத்திரை. வலி நன்றாகக் குறைந்துவிட்டது. வளர்ந்தால் ஆபரேஷன். ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் மேரி தண்ணீர் டம்ளரை நீட்டிச் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் சொல்றீங்களே சிஸ்டர், பக்கத்துல நின்னு நீங்களும் கொஞ்சம் கேட்டிருக்கலாம் இல்லீங்களா?"

சூலகத்தில் வருகிற கட்டி பெரும்பாலும் தானே கரைந்துவிடுகிறது, கரையாததை எடுத்துவிடுகிறார்கள், அதைப் பற்றி நாம் கட்டிவிடுகிற கதைகளுக்குத்தான் இன்னும் மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை.