சொட்டிக்கொண்டிருந்த குழாய்

பிள்ளைகளே, இன்று எங்கள் கேரவனின் குசினிக் குழாயை மாற்றும்போது எண்பதுகளின் லண்டன் ஈஸ்ட் ஹாம் நினைவுக்கு வந்தது. அப்போது பெரியப்பா வீட்டுப் பின்வளவில், சக்கரம் வைத்த வீடான ஒரு பழைய கேரவனில்தான் இருந்தோம். அதிலும் குழாய் சொட்டும்.

“அகதியா வந்தும் தண்ணியை வீணாக்கிறியளோ?” என்று பெரியப்பா நாளும் ஏசுவார்.

அப்பா ஊரில் செய்வதுபோல் சைக்கிள் டியூபைக் கீறி, குழாயை இறுக்கிக் கட்டினார். சொட்டு நின்றது. சொட்டி ஓடிக்கொண்டிருந்தவரை உறையாத தண்ணீர், ஓட்டம் நின்றதும் அன்றிரவுப் பனியில் உறைந்து, பைப் வெடித்தது.

“உடைச்சுப்போட்டியே! வெளிக்கிடு!” என்று பெரியப்பா கத்தினார்.

“அண்ணை, நீங்கள் சொன்னபடியால்தானே...”

“நாய்க்கு வாயும் இருக்கோ?”

அம்மா ஊறவைத்த உளுந்துச் சட்டியோடு பனியில் நின்றார். பெரியப்பா கேரவன் கதவைச் சாத்தினார்.

புதுக் குழாய் சொட்டாது. பனிக்காலத்தில் மட்டும் அதைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். நான் ஏசமாட்டேன்.