அறுபது வோல்ட்டும் ஒரு வாளி தோஹுவாவும்

நோங் ஷியூஜென்னுக்கு யூங் ஆற்றுப் பாலம் ஒன்றுதான் விரோதி. மற்றபடி அவள் யாரோடும் சண்டைக்குப் போகிறவள் அல்ல. போனாலும் சீக்கிரம் ஜெயித்துவிட்டு வேலையைப் பார்க்க வந்துவிடுவாள்.

நான்னிங் நகரில் ஆற்றுக்கு வடக்கே அவள் வீடு, தெற்கே வியாபாரம். விடிவதற்கு முன்பே சோயாவை அரைத்து, பாலைக் காய்ச்சி, பெரிய மரவாளியில் உறைய வைப்பாள். வாளியைப் பஞ்சுமெத்தையால் சுற்றி, மின்சார வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்புவாள். தயிரைவிட மெத்தென்று இருக்கும் அந்தத் தோஹுவாவை இஞ்சிப்பாகு ஊற்றிக் கொடுத்தால், தையல் ஆலைப் பெண்கள் வாசலில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு உள்ளே ஓடுவார்கள். ஆலை மணி அடித்துவிட்டால் அப்புறம் வாசலில் ஈ, காக்காய் இருக்காது.

அந்த மணிதான் இப்போது கவலை. வண்டியில் இருந்த பன்னிரண்டு வோல்ட் பேட்டரி நாலும் தளர்ந்துபோய், பாலத்தின் ஏற்றத்தில் பாதி தூரம் போனதுமே வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிடும். பசியோடு நின்ற பெண்கள் ஆவியில் வெந்த பன் விற்கிறவள் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் பன்னே பழகிவிடும். பழகிய வாயைத் திருப்புவது லேசான காரியமில்லை.

மேம்பாலத்துக்கு அடியில் பட்டறை வைத்திருந்த லியாவ் என்பவரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். ஊரில் உள்ள எல்லா நோய்க்கும் ஒரே காரணம் நாற்பத்தெட்டு வோல்ட் என்பது லியாவின் கட்சி.

"அறுபதுக்கு மாத்திடலாம் அக்கா. அப்புறம் பாலம் ஏறுனதே உங்களுக்குத் தெரியாது."

"நாலு இருக்கில்ல, கூட ஒண்ணு சேர்த்தா அறுபதுதானே?"

"நாலு கிழவனோட ஒரு காளையை ஏர்ல பூட்டுவீங்களா? காளையும் சேர்ந்து படுத்துக்கும். அஞ்சும் புதுசா இருக்கணும், ஒரே சமயத்துல செஞ்சதா இருக்கணும்."

பேட்டரியோடு, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடுகிற கண்ட்ரோலரையும் மாற்றினார். பழையது அறுபதைத் தாங்காமல் கருகிவிடும். விளக்குக்கும் ஹாரனுக்கும் மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கிற சின்னப் பெட்டி, சார்ஜர் எல்லாமே புதிது. கால் வைக்கிற பலகைக்கு அடியில் நாலுக்குத்தான் இடம். ஐந்தாவதை இருக்கைக்கு அடியில் திணித்தார். அங்கே இருந்த மழைக்கோட்டு வெளியே வந்தது. அந்தக் காலத்தில் எத்தனை வோல்ட் என்று சாலையில் நிறுத்திக் கேட்கிற போலீஸ்காரர் இல்லை.

"வாளியோட நீயும் பறந்துடாதே," என்றான் அவள் புருஷன் ஹாய்ஷெங், புது சார்ஜரைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலை வண்டி உண்மையாகவே பறந்தது. கைப்பிடியைத் தொட்டால் போதும், கயிற்றை அறுத்துக்கொண்ட கன்றைப்போல் துள்ளியது. பாலத்தில் பார்சல் கொண்டுபோகிற இரண்டு பையன்களை அவள் முந்தினாள். அவர்கள் திரும்பிப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆலை வாசலை அடைந்தபோது பன்காரி அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

தோஹுவா வாங்குகிறவர்கள் முதலில் அதன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மூடியைத் திறந்ததும் மேல்பரப்பு கண்ணாடிபோல் ஒரே வழவழப்பாக இருக்க வேண்டும். விரிசல் விட்டிருந்தால் நேற்றையதைச் சுடவைத்தது என்று அர்த்தம். ஷியூஜென் மூடியைத் திறந்தாள். முகம் என்று சொல்ல எதுவும் இல்லை. கட்டி கட்டியாக உடைந்து, மஞ்சள் தண்ணீரில் மிதந்தது.

முன்னால் நின்ற பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, இதைக் கரண்டியில சாப்பிடணுமா, உறிஞ்சணுமா?"

"இன்னைக்கு அரைச்சதுடி. சத்தியமா இன்னைக்குத்தான்."

"உங்களை நம்புறேன் அக்கா. வாளியைத்தான் நம்ப முடியல," என்று சொல்லிவிட்டு அவள் பன் வாங்கப் போனாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

ஷியூஜென் நேராகப் பட்டறைக்குப் போனாள்.

"வண்டி பாலம் ஏறுச்சா இல்லையா?" என்றார் லியாவ்.

"ஏறுச்சு."

"அப்புறம் என்ன?"

அவள் பட்டறைக் குழாயடிக்குப் போனாள். வாளியைக் கழுவி விளிம்புவரை தண்ணீர் பிடித்தாள். மூடி போடாமல் பின்னால் கட்டினாள். "ஓட்டுங்க மாஸ்டர். அந்தப் பழக்கடை வரைக்கும்."

லியாவ் ஏறிக் கைப்பிடியை முறுக்கினார். வண்டி முன்னால் பாய்ந்தது, தண்ணீர் பின்னால் பாய்ந்தது. பழக்கடையில் பிரேக் பிடித்தபோது அது முன்னால் பாய்ந்தது; திரும்பி வந்தபோது அவர் கால்சட்டையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வாளியில் பாதிதான் மிச்சம்.

"என் தோஹுவாவும் இப்படித்தான் போச்சு," என்றாள்.

லியாவ் கால்சட்டையைப் பிழிந்துகொண்டே யோசித்தார். கண்ட்ரோலரில் வண்டியை மெல்லக் கிளம்ப வைக்கிற ஒயர் ஒன்று உண்டு. அதை அவர் இணைக்காமல் டேப் சுற்றி ஓரமாக விட்டிருந்தார். வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் மூன்று நிலை ஸ்விட்ச் இருக்கிறது. அதையும் போடாமல் நேராக வேகம் கூடிய மூன்றிலேயே கோர்த்துவிட்டிருந்தார். இந்தப் பட்டறைக்கு வந்து மெதுவாகப் போகணும் என்று கேட்டவர் அதுவரை ஒருத்தரும் இல்லை.

டேப்பைப் பிரித்து ஒயரை இணைத்தார், கைப்பிடிக்குப் பக்கத்தில் ஸ்விட்ச்சை மாட்டினார். "ஒண்ணுல வெச்சா பழைய வண்டி மாதிரி ஊர்ந்துதான் போகும். ஆனா ஏத்தத்துல மூச்சு வாங்காது." பிறகு மனசு கேட்காமல், "அறுபது போட்டுட்டு ஊர்ந்துதான் போவேங்கறீங்களே அக்கா, எனக்கு வயிறு எரியுது," என்றார்.

"எரிஞ்சா தோஹுவா சாப்பிடுங்க, குளுமை."

அடுத்த நாள் வாளியைக் கட்டி, ஸ்விட்ச்சை ஒன்றில் வைத்துக் கிளம்பினாள். பாலத்தில் நேற்றைய பையன்கள் வந்து சேர்ந்தார்கள்.

"என்னம்மா, நேத்துப் பறந்த வண்டிக்கு இன்னைக்குக் காய்ச்சலா?"

அவளுக்கு மணிக்கட்டு துறுதுறுத்தது. விரல் ஸ்விட்ச் வரைக்கும் போனது. பின்னால் மெத்தைக்குள் இருப்பதை நினைத்து விரலை எடுத்துக்கொண்டாள். பையன்கள் கையாட்டிவிட்டுப் போனார்கள். வண்டி ஒரே சீராக ஏறியது. உச்சியிலும் தயங்கவில்லை, அவள் இறங்கவேண்டி வரவும் இல்லை. மணிக்கு முன்னால் வாசலில் நின்று மூடியைத் திறந்தபோது நேற்று கேலி செய்த அதே பெண் குனிந்து பார்த்தாள். மேல்பரப்பு கண்ணாடிபோல் இருந்தது.

"பாகு கொஞ்சம் தாராளமா ஊத்துங்க அக்கா," என்றாள்.

மணி அடித்தபோது வாளியின் அடி தெரிந்தது. ஷியூஜென் அதைக் கழுவிக் கவிழ்த்துக் கட்டினாள். பாலத்தின் அடிவாரத்துக்கு வந்ததும் முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். உடைவதற்கு இனி எதுவும் இல்லை. ஸ்விட்ச்சை மூன்றுக்குத் தள்ளினாள்.